தமிழ் வகுப்பில் இணையக் கருவிகள்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பிப்பவர்கள் ஆசிரியர் அறையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றி ஆங்கிலத்தில் அறிவுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும் கதையை அவற்றில் யாரும் சொல்வதில்லை. அதனால் தமிழுக்கே உரிய தொல்லைகளுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இனிமேல் இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். பள்ளிகளில் கணினியைக் கொண்டுவரும் முதல் பெருந்திட்டத்தைக் கல்வி அமைச்சு தொடங்கியது 1997இல். அப்போது பணியில் சேர்ந்தவர்கள் ஒளிப்படலத் தாளிலிருந்து பவர்பாயிண்டுக்கு மாறினார்கள். பிறகு 2020இல் ஒரே வாரத்தில் ஸூமுக்கும் மாறினார்கள். அந்த மாற்றத்தோடு ஒப்பிட்டால் இப்போது கேட்கப்படுவது பெரிதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் தமிழ் நுழைந்ததற்கே இங்கிருந்த ஓர் ஆசிரியர் பெரிய காரணம். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது தமிழ்ப் பகுதியைச் சாத்தியமாக்கியவர் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி. தமிழ் இணைய மாநாடுகளுக்கு வழிவகுத்த 1997ஆம் ஆண்டுக் கூட்டத்தை இங்கே நடத்தியவரும் அவர்தான். "தமிழாசிரியருக்குக் கணினி வராது" என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

எஸ்எல்எஸ் என்று நாம் சொல்லும் மாணவர் கற்றல் தளத்திலிருந்து. 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மாணவர்களிடம் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எங்கும் பெயர் பதிய வேண்டியதில்லை. யார் செய்தார்கள், யார் செய்யவில்லை என்பதும் தெரியும். பார்ப்பதற்கு மற்ற கருவிகளைப் போல மினுமினுப்பாக இல்லைதான். ஆனால் மறந்துபோன கடவுச்சொல்லைத் தேடுவதிலேயே பாதி வகுப்பு போய்விடாமல் இருந்தால் அதுவே பெரிய லாபம்.

அதில் ஒரே ஒரு செயலை மட்டும் முதல் பருவத்தில் கற்றுக்கொள்ளுங்கள்: மாணவர் தம் குரலைப் பதிவு செய்து அனுப்பும் பணி. காரணத்தை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

எத்தனையோ கருவிகள் இருக்கும்போது குரல்பதிவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழை அப்படிப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். 2010இல் இது மூன்று விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பலருக்கு அன்றைக்கு வாயில் வரும் தமிழ், நம் பாடவேளையில் வருவது மட்டும்தான். அந்தப் பாடவேளையிலும் பெரும்பகுதி யார் பேசுகிறோம் என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். நாம்தான்.

ஒரு பாடவேளையில் எல்லாரையும் தனித்தனியாகப் பேசவைத்துக் கேட்பது சிறிய வகுப்பில்கூடக் கடினம். குரல்பதிவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசலாம். அதைவிட முக்கியம், பிள்ளை தன் பதிவைத் தானே கேட்டு, பிடிக்காமல் அழித்து, மறுபடி பேசுகிறது. ஒரு நிமிடப் பதிவை அனுப்புவதற்கு முன் அது பலமுறை பேசியிருக்கும். நாம் சொல்லாமலே நடக்கும் பயிற்சி இது. வகுப்பில் வாயே திறக்காத கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் சிலர் பதிவில் சரளமாகப் பேசுவதைக் கேட்டு நான் அசந்துபோயிருக்கிறேன்.

வாய்மொழித் தேர்விலும் இப்போது ஒரு சிறு காணொளியைப் பார்த்துவிட்டு உரையாட வேண்டியிருக்கிறது. எனவே பணியையும் அப்படியே அமையுங்கள்: முப்பது, நாற்பது வினாடிக் காணொளி, அதைப் பற்றி ஒரு கேள்வி, ஒரு நிமிடப் பதில். உங்கள் அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்திலோ தேக்கா சந்தையிலோ கைப்பேசியில் நீங்களே எடுத்த காணொளி போதும். முகங்கள் தெரியாமல் எடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லாப் பதிவுகளையும் முழுதாகக் கேட்டுத் திருத்த முயன்றால் இரண்டே வாரத்தில் சோர்ந்துவிடுவீர்கள். ஒரு வாரம் உச்சரிப்பு, ஒரு வாரம் வாக்கிய முடிவு என்று ஒன்றை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பின்னூட்டத்தையும் தட்டச்சு செய்யாமல் குரலாகவே அனுப்புங்கள். நேரம் மிச்சம், பிள்ளைக்கும் கூடுதலாகக் கொஞ்சம் தமிழ் காதில் விழும்.

பேசினால் தானாகத் தட்டச்சு செய்யும் வசதியை உச்சரிப்புப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா?

கூகல் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் உண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதை உச்சரிப்புக்கு நீதிபதியாக வைக்காதீர்கள். அந்த மென்பொருள் முன்பின் சொற்களை வைத்து ஊகிக்கிறது. பிள்ளை "மலை பெய்தது" என்று சொன்னாலும் "மழை பெய்தது" என்று எழுதிவிடக்கூடும். திரையில் சரியாக வந்துவிட்டது என்பதற்காக நாக்கு சரியாக மடங்கியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கதை சொல்லத் தெரிந்தும் எழுதத் தயங்கும் பிள்ளைக்கு முதல் வரைவை உருவாக்கிக் கொடுக்க மிகவும் நல்லது.

தட்டச்சுக்கு எந்த விசைப்பலகை? தமிழ் 99 வேண்டுமா, ஆங்கில ஒலிப்பு முறை வேண்டுமா?

இதில் ஆசிரியர்களுக்குள்ளேயே கட்சிகள் உண்டு. என் கட்சி தமிழ் 99.

ஒலிப்பு முறையில் பிள்ளை ரோமன் எழுத்தில் "அம்மா" என்ற சொல்லைத் தட்டும். திரையில் தமிழ் வரும். உடனே தொடங்கிவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அப்போது பிள்ளையின் மனத்தில் ஓடுவது ஆங்கில எழுத்துகள். ந, ன, ண மூன்றுக்கும் எது சிறிய எழுத்து, எது பெரிய எழுத்து என்ற நினைப்பில் இருக்கும் பிள்ளை, மூன்றில் எது எங்கே வரும் என்ற இலக்கணத்தைக் கவனிப்பதில்லை.

தமிழ் 99 என்பது 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். மகரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் மா. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுகிறது. "அம்மா"வுக்கு நான்கே தட்டு. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் பாடத்தை விரல்களே நடத்திவிடுகின்றன. முதல் சில வாரம் முணுமுணுப்பு இருக்கும், அப்புறம் பழகிவிடும். வகுப்புத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

விண்டோஸ் மடிக்கணினி, ஐபேட், குரோம்புக் மூன்றிலும் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது; அமைப்புகளில் போய்ச் சேர்த்தால் போதும். இதை மட்டும் முன்கூட்டியே செய்து வையுங்கள். பாடம் நடக்கும்போது ஆளாளுக்கு ஒரு திரையை நீட்டினால் அன்றைய பாடம் அவ்வளவுதான்.

கைப்பேசியில் ஏற்கெனவே ஒலிப்பு முறையில் வேகமாகத் தட்டும் மாணவரை, குறிப்பாக உயர்நிலை நான்கு மாணவரை, மாற்றச் சொல்லிப் போராடாதீர்கள். அவர் எழுதினால் சரி.

தட்டச்சு பழகினால் கையெழுத்து கெட்டுவிடாதா?

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் கட்டுரையைப் பிள்ளைகள் இன்னமும் கையால்தான் எழுதுகிறார்கள். எனவே கட்டுரையின் திட்டமும் திருத்தமும் திரையில், இறுதிப்படி தாளில் என்று பிரித்துக்கொள்ளலாம். சொல் பரிந்துரையை மட்டும் அணைத்துவிடுங்கள். இரண்டு எழுத்து தட்டியதும் முழுச் சொல் வந்து நின்றால் எழுத்துக்கூட்டல் பயிற்சி எங்கே நடக்கும்?

என்னிடம் இருபது வருடப் பயிற்சித்தாள்கள் இருக்கின்றன. திறந்தால் ஏதோ கிறுக்கலாக வருகிறதே?

அவை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளைத் தனக்குத் தோன்றிய இடத்தில் வைத்தது. எழுத்துரு இல்லையென்றால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எழுத்துருவைத் தேடி நிறுவினால் பார்க்க முடியும்; ஆனால் எஸ்எல்எஸ்ஸில் ஒட்டினால் மறுபடி குப்பைதான்.

செய்ய வேண்டியது இது: கோப்பில் எந்த எழுத்துரு என்று பாருங்கள். டாப், டாம், பாமினி எனத் தொடங்கும் ஏதோ ஒரு பெயர் இருக்கும். அந்தக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றுகளையும் கொம்புகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். எண்களும் நிறுத்தக்குறிகளும் சில நேரம் வேறெதுவாகவோ மாறியிருக்கும். அச்சுப்படி மட்டும் இருந்தால், கூகல் டிரைவில் படமாக ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே படித்துக் கொடுக்கிறது.

எல்லாவற்றையும் மாற்ற உட்காராதீர்கள். இருபது வருடத் தாள்களில் இன்றைய பாடத்திட்டத்துக்குப் பொருந்துவது கொஞ்சம்தான். அதை மட்டும் காப்பாற்றுங்கள்.

புதிர்ப் போட்டிக் கருவிகள்? காஹூட் போட்டால் வகுப்பே கலகலக்கிறதே?

கலகலப்பு உண்மை. ஆனால் சீக்கிரம் பதில் சொன்னால் அதிகப் புள்ளி என்ற ஏற்பாடு, தமிழை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைத்தான் அடிக்கிறது. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை முதலிடத்தில் நிற்கும். வேகப் புள்ளியை அணைத்துவிடலாம். அல்லது அவரவர் வேகத்தில் செய்யும் பணியாகக் கொடுக்கலாம்.

தமிழுக்கு இன்னொரு தடை. காஹூட்டில் கேள்விக்கு 120 குறிகள்தான் வரம்பு. ஆங்கிலத்துக்கு அது தாராளம். நமக்குப் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. "தமிழ்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. அதனால் கேள்வி பாதியில் நின்றுவிடும். நீண்ட கேள்வியைப் படமாகப் போட்டுவிட்டு விடைகளை மட்டும் தட்டச்சு செய்யுங்கள்.

எழுத்துகளைக் கலைத்துப் போடும் விளையாட்டுகளையும் சொல்தேடல் கட்டங்களையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். பல கருவிகள் "கி"யைக் ககரமாகவும் தொங்கும் ஒரு கொக்கியாகவும் பிரித்து வெவ்வேறு கட்டத்தில் போட்டுவிடும். அதைப் பார்க்கும் தொடக்கநிலைப் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளிலும் இதே தலைவலி: கடைசியில் ஓர் இடைவெளி விழுந்தாலோ, "கொ"வை வேறு வரிசையில் தட்டியிருந்தாலோ, சரியான விடையைத் தவறென்று காட்டும் கருவிகள் உண்டு. ஏற்கத்தக்க விடைகள் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் தெரிவு விடைக் கேள்வியாக்கிவிடுங்கள்.

அப்புறம், ஒரு சிறிய வகுப்பில் கருத்துக்கணிப்புக்குக் கருவி எதற்கு? கையை உயர்த்தச் சொன்னாலே போதும்.

மாணவர்கள் கைப்பேசியில் செய்யலாமா?

பள்ளி நேரத்தில் இல்லை. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசி கூடாது. பள்ளி வழி வாங்கிய சொந்தக் கற்றல் சாதனத்தில்தான் செய்ய வேண்டும். எல்லா உயர்நிலை மாணவருக்கும் 2028க்குள் சாதனம் என்று முதலில் அறிவித்திருந்தார்கள். கொவிட் காரணமாக 2021லேயே நடந்துவிட்டது.

எல்லாரும் ஒரே இணையப் பலகையில் ஒட்டும் பேட்லெட்டில் பணி கொடுத்தால் எல்லாரும் முதல் பிள்ளை எழுதியதையே கொஞ்சம் மாற்றி ஒட்டுகிறார்கள். என்ன செய்வது?

ஆசிரியர் ஒப்புதல் அளித்த பிறகே பதிவு மற்றவர்களுக்குத் தெரியும்படி அமைக்கும் வசதி அதில் இருக்கிறது. அதை இயக்குங்கள். எல்லாரும் எழுதி முடித்ததும் மொத்தமாகத் திறந்துவிடுங்கள்.

கேள்வியும் மாற வேண்டும். "குடும்ப ஒற்றுமையின் நன்மைகள் யாவை?" என்றால் எல்லாரும் ஒன்றையேதான் எழுதுவார்கள். "உங்கள் வீட்டில் கடைசியாக எதற்குச் சண்டை வந்தது? யார் முதலில் சமாதானத்துக்கு வந்தார்கள்?" என்று கேட்டால் ஒட்டுவதற்கு வழியே இல்லை.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா?

நீங்கள் பயன்படுத்தலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. கருத்தறிதல் பத்தி ஒன்று கேட்டால் நொடியில் தரும். அதில் வல்லினம் மிகும் இடத்தில் மிகாது, மிகக்கூடாத இடத்தில் மிகும். எழுவாய் ஒருமையாகவும் பயனிலை பன்மையாகவும் நிற்கும். கதைமாந்தர் எல்லாரும் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஈசூன் அடுக்குமாடி புளோக்கில் வளரும் பிள்ளைக்குப் பொருந்தும்படி மாற்ற வேண்டும். என் அனுபவத்தில் முழுப் பத்தி கேட்பதைவிட, நான் எழுதிய பத்திக்குக் கேள்விகள் கேட்கச் சொல்வதும், ஒரே பத்தியை எளிதாக்கி இன்னொரு வடிவம் கேட்பதும் பயனுள்ளவை. ஒரே வகுப்பில் ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று பாட நிலை மாணவர்களை வைத்துக் கற்பிப்பவருக்கு இந்தக் கடைசி உதவி மிகப் பெரிது.

அதன் பிழைகளையே பாடமாக்கலாம். இயந்திரம் எழுதிய பத்தியை அச்சிட்டுக் கொடுத்து, பிழை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தம் கட்டுரையில் பிழை தேடாத பிள்ளைகள் இயந்திரத்தின் கட்டுரையில் பாய்ந்து பாய்ந்து தேடுவார்கள்.

மாணவர்களைப் பொறுத்தவரை, சாட்ஜிபிடி 13 வயதுக்குக் கீழே அனுமதிப்பதில்லை. 18 வயதுவரை பெற்றோர் சம்மதம் வேண்டும். எனவே தொடக்கநிலையில் அந்தப் பேச்சே இல்லை. உயர்நிலை மாணவர் வீட்டில் எழுதி வந்த கட்டுரையில் சந்தேகம் வந்தால், கண்டுபிடிப்புக் கருவிகளை நம்பி ஒரு பிள்ளையின் மேல் பழி போடாதீர்கள். அதிலுள்ள இரண்டு சொற்களுக்குப் பொருள் கேளுங்கள். கட்டுரையை ஒரு நிமிடத்தில் வாய்மொழியாகச் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்துவிடும்.

ஒரு கருவியைக் கற்று முடிப்பதற்குள் அது மூடப்பட்டுவிடுகிறதே?

ஆமாம். கூகலின் இணைய வெண்பலகையான ஜேம்போர்டு 2024 இறுதியில் போய்விட்டது. காணொளிப் பதிவுக்குப் பலர் நம்பியிருந்த ஃபிளிப் தளமும் அதே ஆண்டு தனித்தளமாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. அதனால் பாடத் திட்டத்தில் கருவியின் பெயரை எழுதாதீர்கள், செயலை எழுதுங்கள். "குரல்பதிவு", "குழு எழுத்து", "படத்தில் குறித்தல்" என்று எழுதி வைத்தால் கருவி மாறினாலும் பாடம் நிற்கும். கேள்விகளையும் பத்திகளையும் உங்கள் சொந்தக் கோப்பில் ஒரு படி வைத்திருங்கள்.

மாணவர் வேலைக்கும் இது பொருந்தும். 2024 ஆகஸ்ட்டில் சாதன மேலாண்மைச் செயலியில் நடந்த இணைய ஊடுருவலில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை அழிந்தன. சாதனத்துக்குள் மட்டும் குறிப்பு வைத்திருந்தவர்களுக்குத்தான் அதிக அடி.

வீட்டிலிருந்து கற்கும் நாள்களில் நேரலை வகுப்பு நடத்தியே ஆக வேண்டுமா?

பள்ளி கேட்டால் ஒழிய வேண்டாம். அந்த நாளின் நோக்கமே மாணவர் தாமாகக் கற்பது. நடத்துவதென்றால் காத்திருப்பு அறையையும் கடவுச்சொல்லையும் மறக்காதீர்கள். 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்து கற்றல் தொடங்கிய சில நாளிலேயே ஒரு வகுப்புக்குள் வெளியாள் புகுந்து ஆபாசப் படம் காட்டியதால் அமைச்சு ஸூமைச் சிலகாலம் நிறுத்தி வைத்தது.

உள்ளூர்த் தமிழ் வளங்கள் எங்கே கிடைக்கும்?

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் புரட்டலாம். அறுபதுகளின் விளம்பரம் ஒன்றைப் படமாகக் காட்டி "இதை இன்று எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்டால் ஒரு பாடவேளை ஓடிவிடும். 2015இல் தொடங்கி இலக்கியம், நாடகம், இசை, நடனம் என்று சமூகத்தினர் சேர்ந்து தொகுத்த மின்மரபுடைமைத் தொகுப்புகளும் நூலக வாரியத்தில் உள்ளன. உள்ளூர் எழுத்தாளர் கதைகளுக்கு அங்கே போங்கள். அன்றாடச் செய்திக்குத் தமிழ் முரசு தளமும் மீடியாகார்ப்பின் "செய்தி" தளமும் போதும்.

இணையத்தில் கிடைக்கும் படம், காணொளியை எடுத்துப் போடலாமா?

2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி, லாப நோக்கற்ற பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கும் வளங்களைக் கற்றல் கற்பித்தலுக்குப் பயன்படுத்தலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அந்த வளமே திருட்டுப்படி என்று யாராவது தெரிவித்தால் நிறுத்திவிட வேண்டும். காசு கட்டிப் படிக்கும் தளத்திலிருந்து எடுப்பது இதில் அடங்காது.

நான் துணைப்பாட ஆசிரியர். எஸ்எல்எஸ்ஸில் பணி கொடுக்க எனக்கு வழியில்லை. இவற்றில் எது எனக்குப் பொருந்தும்?

குரல்பதிவு அப்படியே பொருந்தும். பெற்றோரின் வாட்ஸ்அப் வழியாகவே வாங்கிக்கொள்ளலாம். தட்டச்சு, யூனிகோடு பற்றிச் சொன்னவையும் அப்படியே. ஆனால் மேலே சொன்ன பதிப்புரிமை விலக்கு பள்ளிகளுக்கானது. கட்டணம் வாங்கி நடத்தும் நிலையம் அதில் சாய்ந்துகொள்ள முடியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்கள் நிலையத்துக்குப் பொருந்தும். பிள்ளைகளின் குரல், படம், மதிப்பெண் எதையும் விளம்பரத்துக்குப் போடுமுன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளை வகுப்பை விட்டுப் போனதும் பதிவுகளை அழித்துவிடுங்கள்.